ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்



இது கொஞ்சம் நீளமான பதிவு. பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடுவதைப் பற்றியது. நேரம் இல்லாதவர்கள், வீட்டில் பழைய லேப்டாப் இருந்தால், கடைசியில் எண் போட்டு எழுதியிருக்கும் ஆறு விஷயங்களை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

போன வருஷம், 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். நம் பிள்ளைகள் கையில் இருக்கும் அரசு லேப்டாப்புகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் வராது. அதனால் சத்தியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இப்போது வாரம் இரண்டு லேப்டாப்பாவது வந்து உட்கார்ந்துவிடுகிறது. "சார், லினக்ஸ் போட்டா வேகமா ஓடுமாமுங்க, போட்டுத் தர்றீங்களா?"

நான் 33 வருஷம் அறிவியல் ஆசிரியராக இருந்தவன். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பள்ளிக்கு வந்த கம்ப்யூட்டர்களைத் தொட வேறு ஆள் இல்லாததால் தொட்டுத் தொட்டுக் கற்றுக்கொண்டவன். ஓய்வுக்குப் பிறகு அதுவே பொழுதுபோக்காகிவிட்டது.

யார் வந்தாலும் ஒரு வேண்டுகோள் மட்டும் மாறவே மாறாது. "விண்டோஸும் இருக்கட்டுமுங்க சார். ரெண்டும் இருக்கட்டும்." இதைத்தான் டூயல் பூட் என்கிறோம். ஒரே லேப்டாப்பில் இரண்டு இயங்குதளம். பவர் பட்டனை அழுத்தியதும் எது வேண்டும் என்று கேட்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன்.

இனிமேல் பழைய லேப்டாப்பில் டூயல் பூட் போட்டுத் தர மாட்டேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

போன தீபாவளி கழிந்து, ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு பிள்ளை வந்தாள். என் பழைய மாணவி. ஊர் திம்பத்துக்கு மேலே, தாளவாடிப் பக்கம். அப்பா விவசாயி. பட்டப்படிப்பை முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்தது பிளஸ் டூ படிக்கும்போது வாங்கிய அரசு லேப்டாப். 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். ஆன் செய்துவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வரலாம், அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும்.

அவளும் அதையேதான் கேட்டாள். "ரெண்டும் இருக்கட்டுமுங்க சார்."

டி டிரைவைச் சுருக்கி ஒரு பக்கமாகத் தள்ளினால்தான் லினக்ஸுக்கு இடம் கிடைக்கும் என்று இருந்தது. இந்தத் தள்ளுகிற வேலையில் டிஸ்கில் இருக்கும் தகவல் முழுக்க இடம் மாறும். பழைய டிஸ்கில் மணிக்கணக்கில் ஆகும். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் வேறு ஒரு டிஸ்கில் நகல் எடுத்து வைக்க வேண்டும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். என்னிடம் அன்று கையில் இருந்தது 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றுதான். இதற்கு முன் ஏழெட்டு லேப்டாப்புக்கு இதே வேலையைச் செய்து ஒன்றும் ஆகவில்லை என்ற தெனாவெட்டும் இருந்தது. ஆரம்பித்துவிட்டேன்.

பாதியில் கரண்ட் போனது.

யுபிஎஸ் கிடையாது, லேப்டாப்பில் பேட்டரியும் கிடையாது. கரண்ட் திரும்பி வந்தபோது டி டிரைவ் காணவில்லை. இருக்கிறது, ஆனால் திறக்காது. அதில்தான் அவளுடைய நான்கு வருஷக் குறிப்புகள், பழைய வினாத்தாள்கள், ஸ்கேன் செய்து வைத்த சான்றிதழ்கள் எல்லாம். தேர்வுக்கு நாற்பது நாள்கூட இல்லை.

அவள் அழவில்லை. "பரவால்லைங்க சார்" என்றாள். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

போட்டோரெக் என்று ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. உடைந்த டிஸ்கைத் துழாவி, கோப்பு என்று தெரிவதையெல்லாம் அள்ளி எடுத்துக் கொடுக்கும். ஆனால் கோப்பின் பெயரைக் கொடுக்காது. எல்லாம் வெறும் எண்களாக வரும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் அப்படி வந்தன. அவள் மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே தங்கினாள். நானும் அவளும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, இது இந்திய அரசியலமைப்பு, இது சங்க இலக்கியம், இது கணக்கு என்று பெயர் வைத்தோம். என் வீட்டுக்காரம்மா இரண்டு பேருக்கும் சோறு போட்டுவிட்டு என்னை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். முக்கால்வாசி கிடைத்தது. கால்வாசி போனது போனதுதான். படிக்க வேண்டிய மூன்று நாட்களும் போயின.

தவறு லினக்ஸுடையது அல்ல, விண்டோஸுடையதும் அல்ல. என்னுடையது. நகல் எடுக்காமல் கை வைத்தது என் தவறு. ஆனால் அந்த மூன்று நாளும் என் மனதில் ஓடிய கேள்வி வேறு. அந்தப் பிள்ளைக்கு இரண்டு இயங்குதளம் எதற்கு? அவள் குறிப்பு எழுதுகிறாள், பிடிஎஃப் படிக்கிறாள், யூடியூபில் பாடம் பார்க்கிறாள், ஆன்லைனில் விண்ணப்பம் போடுகிறாள். இதில் எதற்கு இரண்டு வேண்டும்? யோசித்துப் பார்த்தால், "ரெண்டும் இருக்கட்டும்" என்பது தேவையிலிருந்து வரவில்லை, பயத்திலிருந்து வருகிறது. "லினக்ஸில் ஏதாவது ஓடாவிட்டால்?" என்ற பயம்.

அந்தப் பயம் பொய்யும் இல்லை. அதற்குப் பெயர் டிரைவர்.

டிரைவர் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குத் திம்பம் மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவர் ஞாபகம் வரும். அதையே வைத்துச் சொல்கிறேன். பஸ் ஓட்டத் தெரிந்தவர் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ஆனால் பண்ணாரி தாண்டி 27 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியைத் திருப்ப, அந்த வளைவுகளைத் தெரிந்த ஆள் வேண்டும். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். வைஃபைக்கு ஒரு சில்லு, திரைக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அதன் வளைவு நெளிவு தெரிந்த ஒரு சின்ன நிரல் வேண்டும். அதுதான் டிரைவர். விண்டோஸுக்கு அந்த டிரைவரைச் சில்லு செய்யும் நிறுவனமே எழுதிக் கொடுத்துவிடும். லினக்ஸுக்கு எல்லா நிறுவனமும் அப்படிக் கொடுப்பதில்லை. சிலர் கொடுக்கிறார்கள். சிலர் மூடிய பெட்டியாகக் கொடுக்கிறார்கள். சிலர் எதையும் கொடுக்க மாட்டார்கள். யாரோ ஒரு தன்னார்வலர் இருட்டில் தட்டுத் தடுமாறித் தானே பாதையைக் கண்டுபிடித்து எழுத வேண்டும்.

இது நம் ஊர்த் திண்ணைப் புலம்பல் மட்டும் இல்லை. லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2012-ல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசும்போது, ஒத்துழைக்காததற்காக என்விடியா நிறுவனத்தை மேடையிலேயே கெட்ட வார்த்தையால் திட்டினார். பத்து வருஷம் கழித்து, 2022 மே மாதம்தான் அந்த நிறுவனம் தன் கெர்னல் டிரைவர் நிரலைத் திறந்து வெளியிட்டது. அதிலும் 2018-க்குப் பிறகு வந்த சில்லுகளுக்கு மட்டும்தான் அது பயன்படும். அதற்கு முந்தைய கார்டு வைத்திருப்பவர்களுக்குப் பயனில்லை. பழைய கம்ப்யூட்டர்காரர்களுக்கு நல்ல காலம் எப்போதும் ஒரு பஸ் தாமதமாகத்தான் வரும்.

நம் பிள்ளையின் லேப்டாப்பில் வம்பு செய்தது வைஃபை. கோப்புகளை மீட்ட பிறகு ஒரு புது எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு, அதில் லினக்ஸ் மின்ட்டை மட்டும் நிறுவினேன். எஸ்எஸ்டிக்கு நான்தான் காசு கொடுத்தேன், கொடுக்க வேண்டியவன் நான்தானே. ஒரு நிமிஷத்துக்குள் ஆன் ஆனது. திரை சரி, சத்தம் சரி, கேமரா சரி. வைஃபை பட்டியல் மட்டும் காலி. டிரைவரை இறக்கினால் வைஃபை வரும். டிரைவரை இறக்க நெட் வேண்டும். நெட்டுக்கு வைஃபை வேண்டும். கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கயிறு வேண்டும், கயிறு கிணற்றுக்குள் கிடக்கிறது.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை சார்ஜ் போடும் ஒயரால் லேப்டாப்பில் செருகி, போன் செட்டிங்கில் யுஎஸ்பி டெதரிங் என்பதை ஆன் செய்தால் போனின் நெட் லேப்டாப்புக்கு வந்துவிடும். அப்படிச் செய்து டிரைவரை இறக்கிப் போட்டேன். வைஃபை வந்தது. அவள் மலை ஏறினாள்.

இரண்டு வாரத்தில் போன். "சார், அப்டேட் கொடுத்தேனுங்க. வைஃபை மறுபடியும் போயிருச்சுங்க."

இரண்டாவது தவறு. நான் இறக்கிப் போட்டது ஒருவர் எழுதி இணையத்தில் வைத்திருந்த டிரைவர். அதை அன்று இருந்த கெர்னலுக்கு மட்டும் கட்டிக் கொடுத்திருந்தேன். கெர்னல் புதிதாக மாறினால் அதையும் திரும்பக் கட்ட வேண்டும். தானாகவே திரும்பக் கட்டிக்கொள்ளும் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு உண்டு. அவசரத்தில் நான் அதைச் செய்யவில்லை. போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, அவள் டெர்மினலில் அடித்து, பிழை வந்து, திரும்ப அடித்து, ஒன்றரை மணி நேரத்தில் சரியானது. அவள் கெட்டிக்காரி, அதனால் முடிந்தது. இல்லாவிட்டால் ஒரு கட்டளைக்காக அவள் 27 வளைவுகளும் இறங்கி வந்திருக்க வேண்டும்.

சரி, டிரைவர் இப்படித் தொல்லை கொடுக்கும் என்றால் விண்டோஸையும் பக்கத்தில் வைத்திருப்பதுதானே புத்திசாலித்தனம் என்று கேட்பீர்கள். என் அனுபவம் நேர்மாறாகச் சொல்கிறது. பழைய லேப்டாப்பில் இரண்டையும் வைத்தால் தொல்லை பாதியாகக் குறையாது, இரட்டிப்பாகும்.

முதலில் இடம். 2011, 2012 வாக்கில் வந்த லேப்டாப்புகளில் டிஸ்க் பெரும்பாலும் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். அந்த முறையில் முதன்மைப் பகுதிகள் நான்குக்கு மேல் வைக்க முடியாது. துவக்கப் பகுதி, சி, டி, மீட்புப் பகுதி என்று நான்கும் நிரம்பியிருக்கும். பாதி டிஸ்க் காலியாக இருந்தாலும் லினக்ஸ் நிறுவி, பயன்படுத்த இடமில்லை என்று கையை விரிக்கும். பதற்றத்தில் எதையாவது அழிப்போம். அது மீட்புப் பகுதியாக இருக்கும்.

அடுத்தது, விண்டோஸ் 8-லிருந்து வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது. அரைத் தூக்கத்தில் இருக்கும். லினக்ஸிலிருந்து அந்த டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது. "சார், நேத்து சேவ் ஆச்சு, இன்னிக்கு ஆகலைங்க" என்று பிள்ளைகள் வருவது இதனால்தான்.

அப்புறம் கடிகாரம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். ஒரு பையன் விண்ணப்பப் பக்கம் திறக்கவில்லை என்று பொழுது முழுக்கப் போராடினான். கடிகாரம் தப்பாக இருந்ததால் பிரவுசர் பாதுகாப்புச் சான்றை ஏற்கவில்லை.

கடைசியாக, இரண்டில் ஒன்றைப் புதுப்பித்தால் மற்றது படுக்கும் ஆபத்து. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, உலகம் முழுக்கப் பலருடைய டூயல் பூட் கணினிகளில் லினக்ஸைத் துவங்கவிடாமல் செய்துவிட்டது. தலைகீழாகவும் நடக்கும். இடம் போதவில்லை என்று விண்டோஸில் இருந்தபடி லினக்ஸ் பகுதியை அழித்துவிடுவார்கள். மறுநாள் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் கிரப் ரெஸ்க்யூ என்று ஒரு வரி மட்டும் நிற்கும். எதைத் துவக்குவது என்று கேட்கும் நிரலின் பாதி, அழித்த பகுதியில் இருந்தது.

ஒவ்வொன்றுக்கும் தீர்வு இருக்கிறது. எனக்குத் தெரியும், இணையத்திலும் கிடைக்கும். ஆனால் தீர்வு தெரிந்த ஆள் அந்தப் பிள்ளையின் வீட்டில் இல்லையே!

நம் ஊரில் சொல்வார்கள், ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் என்று. இதை ஒரு பிள்ளையின் லேப்டாப்பில் மட்டும் பார்க்கவில்லை. ஒரு மாநிலத்தின் திட்டத்திலேயே பார்த்தேன்.

2007 வாக்கில், சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அரசுப் பள்ளிகளுக்கும் லினக்ஸ் என்று அன்றைக்கே பேச்சு வந்தது. அது ஒரு துணிச்சலான முடிவு. பிறகு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. அந்த லேப்டாப்புகளில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ரெண்டும் இருக்கட்டும்!

என்ன நடந்தது? நான் வகுப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். பிள்ளைகள் விண்டோஸை மட்டும் திறந்தார்கள். பாஸ் என்று ஒன்று இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள், படம் வைக்க இடம் வேண்டும் என்று அதை அழித்தார்கள். அழிக்கத் தெரியாமல் அழித்து, நான் மேலே சொன்ன கறுப்புத் திரையோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார்கள். எங்களுக்கும் ஒன்றும் தெரியாது. எங்கள் பள்ளியில் ஒருவருக்குக்கூட அதில் பயிற்சி கிடையாது. லினக்ஸ் பிள்ளைகளின் கைக்கு வந்தது, அவர்கள் வாழ்க்கைக்குள் வரவில்லை.

பாலக்காடு இங்கிருந்து எவ்வளவு தூரம்? அங்கே என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கேரளத்தில் ஐடி அட் ஸ்கூல் என்ற திட்டம் 2001-ல் தொடங்கியது. சில ஆண்டுகளில் பள்ளிகளுக்குக் கட்டற்ற மென்பொருள் என்று முடிவெடுத்தார்கள். தங்கள் பாடத்துக்கேற்ற லினக்ஸைத் தாங்களே தொகுத்தார்கள். பாடப்புத்தகத்தை அதற்கேற்ப எழுதினார்கள். பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வையே அதில் வைத்தார்கள். இவை எல்லாவற்றையும் விட முக்கியம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பள்ளியிலேயே கேட்க ஓர் ஆள் இருக்கும்படி செய்தார்கள். 2017-ல் கைட் என்ற பெயரில் அது தனி நிறுவனமாகவே ஆனது. அங்கேயும் டிரைவர் பிரச்சினை வந்திருக்கும். ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டதால், அந்த ஒன்றை ஓட வைப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை. வழி இல்லாத இடத்தில்தான் வேலை நடக்கும்.

முடிவெடுத்தால் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, பத்து ஆண்டுகளில் சுமார் 15,000 கணினிகளை மாற்றியது. அப்போதும் சில வேலைகளுக்கு விண்டோஸ் கணினிகள் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன. ஆள்வோர் மாறினார்கள், ஊழியர்களின் முணுமுணுப்பும் இருந்தது. 2017-ல் திரும்ப விண்டோஸுக்கே போக வாக்களித்தார்கள். கூட நிற்பது ஒருநாள் வேலை இல்லை, அதை விட்டால் நட்டது பட்டுப்போகும். இது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நாம் விவசாயம் பார்க்கிற ஊர்க்காரர்கள்.

2025 பட்ஜெட்டில் நம் அரசு, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கணினிக் கருவிகள் என்று அறிவித்தது. நல்ல திட்டம். என் மாணவர்கள் பலர் வாழ்க்கையில் தொட்ட முதல் கம்ப்யூட்டர் அரசு கொடுத்ததுதான். குறை சொல்லவில்லை, இரண்டே கோரிக்கை. ஒன்று, டெண்டரில் ஒரு வரி சேருங்கள்: வைஃபை, திரை, சத்தம், கேமரா எல்லாம் பொதுவான லினக்ஸ் கெர்னலில் தனி டிரைவர் இறக்காமல் ஓட வேண்டும். லட்சக்கணக்கில் வாங்குகிறவர் கேட்டால் எந்த நிறுவனம் மறுக்கும்? எதிர்காலத்தில் விண்டோஸ் 11-க்கும் ஓர் அக்டோபர் வரும். அன்று அந்த லேப்டாப்புகள் குப்பைக்குப் போகாமல் இருக்க இந்த ஒரு வரி போதும். இரண்டு, ஒவ்வொரு கல்லூரியிலும் பள்ளியிலும் ஓர் ஆசிரியருக்காவது பயிற்சி கொடுங்கள். அவர் கேட்க நேரமும் கொடுங்கள்.

இதைப் படிக்கும் லினக்ஸ் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் பலர் தங்கமானவர்கள். கணியம் மாதிரி இதழ்களில் நீங்கள் 2012-லிருந்து தமிழில் எழுதி வைத்திருப்பதைப் படித்துத்தான் நானே கற்றேன். ஆனால் "டிரைவர் பிரச்சினையெல்லாம் அந்தக் காலம், இப்போ எல்லாம் தானா ஓடும்" என்று சொல்லாதீர்கள். நிறைய முன்னேறியிருக்கிறது, உண்மை. மூடிய ஃபர்ம்வேர் கோப்புகளைப் பல ஆண்டுகள் தள்ளி வைத்திருந்த டெபியனே 2022-ல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-ல் வந்த டெபியன் 12 நிறுவியில் அவற்றைச் சேர்த்துவிட்டது. கொள்கை விட்டுக்கொடுக்கப்பட்டது என்று சிலருக்கு வருத்தம். எனக்கு மகிழ்ச்சி. நெட்டே வராத லினக்ஸை வைத்துக்கொண்டு சுதந்திரத்தைப் பற்றி ஒரு பிள்ளைக்கு எப்படி விளக்குவது? ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 32 பிட் கணினிகளை எல்லோரும் ஒவ்வொருவராகக் கைவிடுகிறார்கள். உபுண்டு 2017-லேயே 32 பிட் டெஸ்க்டாப் நிறுவியை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கும் அந்த நிறுவி இல்லை. "எவ்வளவு பழைய கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் ஓடும்" என்பதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டிய காலம் இது.

டூயல் பூட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைக்கு ஆட்டோகேட் வேண்டும், ஆடிட்டரிடம் வேலைக்குப் போகிறவருக்கு டேலி வேண்டும். புது லேப்டாப், நல்ல பேட்டரி, இரண்டு டிஸ்க், விழுந்தால் தானே எழுப்பத் தெரிந்த ஆள் என்றால் தாராளமாகப் போடட்டும். விண்டோஸ் கட்டாயம் வேண்டும், லினக்ஸ் சும்மா பார்க்கத்தான் என்றால், விண்டோஸிலேயே இருக்கட்டும், பென் டிரைவில் லினக்ஸைப் பார்க்கட்டும். நான் பேசுவது பத்து வருஷ லேப்டாப்பையும், அதைத் தவிர வேறு கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளையையும் பற்றி. அவர்களுக்கு அரைகுறையாக ஓடும் இரண்டைவிட முழுசாக ஓடும் ஒன்றுதான் தேவை.

இப்போது திண்ணைக்கு வருகிறவர்களுக்கு நான் செய்வது இதுதான்:

1. முதலில் பென் டிரைவில் லினக்ஸைப் போட்டு, நிறுவாமல் அப்படியே ஓட்டிப் பார்க்கிறேன். வைஃபை, சத்தம், கேமரா, திரை வெளிச்சம், மூடித் திறந்தால் எழுகிறதா என்று ஐந்தையும் பார்த்துத் தாளில் எழுதுகிறேன். வைஃபை மட்டும் அடம்பிடித்தால், லினக்ஸில் ஓடும் என்று உறுதியாகத் தெரிந்த சின்ன யுஎஸ்பி வைஃபை ஒன்றை வாங்கச் சொல்கிறேன். டிரைவரோடு மல்லுக்கட்டுவதைவிட அது மலிவு.

2. பழைய ஹார்டு டிஸ்கில் கை வைப்பதே இல்லை. கழற்றி ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு உரியவரிடமே கொடுத்துவிடுகிறேன். விண்டோஸும் கோப்புகளும் அதில் இருந்தபடியே இருக்கும். பீரோவில் வைத்துக்கொள்ளட்டும்.

3. புது எஸ்எஸ்டியில் ஒரே ஒரு இயங்குதளம். வாங்க முடியாதவர்களுக்கு, எல்லாவற்றையும் வேறு டிஸ்கில் நகல் எடுத்து, நகல் திறக்கிறதா என்று அவர்களே பார்த்த பிறகுதான் பழைய டிஸ்கைத் தொடுகிறேன்.

4. பேட்டரி செத்த லேப்டாப் என்றால் யுபிஎஸ் உள்ள இடத்தில்தான் வேலை.

5. தமிழ்99 தட்டச்சு, பழைய பாமினிக் கோப்புகள் திறக்க அந்த எழுத்துரு, பிரிண்டர், இவை மூன்றும் ஓடுவதைப் பார்க்காமல் அனுப்புவதில்லை. பிள்ளைகள் லினக்ஸை விட்டு ஓடுவது பெரிய காரணத்தால் இல்லை, இந்தச் சின்னக் காரணங்களால்தான்.

6. என் போன் நம்பரை எழுதி லேப்டாப்பின் அடியில் ஒட்டிவிடுகிறேன்.

ஆறாவதுதான் எனக்கு முக்கியம். லினக்ஸ் போட்டுக் கொடுப்பது அரை நாள் வேலை. அடுத்த ஒரு வருஷம் போனை எடுப்பதுதான் மீதி வேலை. அதற்குத் தயாராக இல்லாவிட்டால் அந்த அரை நாள் வேலையையும் நாம் செய்யக் கூடாது.

அந்தப் பிள்ளை தேர்வை எழுதிவிட்டாள். எப்படி எழுதினாள் என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. போன வாரம் போன் செய்தாள். ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துத்தான் எடுத்தேன். "சார், எங்க ஊர்ல இன்னும் நாலு பேர்கிட்ட பழைய லேப்டாப் கிடக்குதுங்க. நானே போட்டுப் பார்க்கட்டுங்களா?" என்றாள்.

"முதல்ல காப்பி எடு கண்ணு" என்றேன்.

"தெரியுமுங்க சார்" என்றாள். சிரித்த மாதிரி இருந்தது.

உங்கள் ஊரில் இப்படிக் கூட நிற்கும் ஆள் இருந்தால் கருத்துப் பகுதியில் ஊர்ப் பெயரை எழுதுங்கள். இல்லையென்றால் நீங்களே ஆகலாமா என்று யோசியுங்கள். நானும் தொட்டுத் தொட்டுத்தான் கற்றேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், சத்தியமங்கலம்